ஆகாயத்தை விற்றுக் காப்பாற்றிய கட்டடம்

ஒரு ரயில் நிலையம் பழசாகிவிட்டால் என்ன செய்வது? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ரயில் நிர்வாகங்கள் இதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தன: இடி, பெரிதாகக் கட்டு. லண்டன் யூஸ்டன் நிலையத்தின் கல் வளைவு 1961-62இல் போனது. நியூயார்க்கின் பென்சில்வேனியா நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். நிலையம் கட்டியபோது மலிவாகக் கிடைத்த நிலம், அந்த நிலையத்தாலேயே நகரத்தின் மிக விலையுயர்ந்த நிலமாகிவிடுகிறது. அதன்மேல் இரண்டு, மூன்று மாடியில் ஒரு பழங்கட்டடம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் கணக்கருக்குக் கை அரிக்கத்தான் செய்யும்.

டோக்கியோ மத்திய ரயில் நிலையமும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டியது. பலமுறை அதற்கு நாள் குறித்தார்கள். ஆனாலும் இன்று அது 1914இல் திறந்தபோது இருந்த முகத்தோடு நிற்கிறது. தினமும் 3,000க்கும் மேற்பட்ட ரயில்கள் வந்து போகும் நிலையம் இது. மேலே புல்லட் ரயில்களும் நகர ரயில்களும், கீழே சுரங்கப் பாதைகள். இத்தனைக்கும் நடுவில் ஒரு செங்கல் கட்டடத்தை எப்படிக் காத்தார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

கட்டியவர் தட்சுனோ கிங்கோ. ஜப்பானில் மேற்கத்தியக் கட்டடக்கலையைக் கற்பித்த ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயரின் முதல் மாணவர்களில் ஒருவர். சிவப்புச் செங்கல், குறுக்கே வெள்ளைப் பட்டைகள், வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு குவிமாடம், மொத்த நீளம் சுமார் 335 மீட்டர். எதிரே ஒரு அகன்ற சாலை நேராகப் பேரரசரின் அரண்மனை அகழிக்குப் போகிறது. நிலையம் நிற்கும் மருனோவுச்சி வட்டாரத்தை 1890இல் மிட்சுபிஷி அரசிடமிருந்து வாங்கியது. அங்கே முதல் அலுவலகக் கட்டடத்தை 1894இல் எழுப்பியவர் காண்டர். அதுவும் செங்கல்தான். ஆசிரியர் தொடங்கிய தெருவுக்கு மாணவர் ஒரு முகப்பைக் கட்டினார் என்று சொல்லலாம். பிறகு வந்த கட்டடங்களும் நெடுங்காலம் 31 மீட்டர் உயரத்தைத் தாண்டவில்லை, சட்டம் அப்படி. சாலை நெடுக ஒரே மட்டத்தில் ஓடிய அந்தக் கூரைக் கோடுதான் வட்டாரத்தின் அடையாளம்.

செங்கல்லும் நிலநடுக்கமும் ஒத்துப்போகாதவை. செங்கல் சுவர் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். பூமி பக்கவாட்டில் ஆடும்போது சுவரின் ஒரு முகம் அழுந்துகிறது, மறுமுகம் இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் விழும். 1923 செப்டம்பர் 1 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில், நகரின் அசாகுசா வட்டாரத்தில் பெருமையாக நின்ற பன்னிரண்டு மாடிக் கோபுரத்தின் மேல்பகுதி முறிந்து விழுந்தது. அதன் கீழ்த்தளங்கள் செங்கல்லால் கட்டியவை. டோக்கியோ நிலையத்துக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. தட்சுனோ செங்கல்லை மட்டும் நம்பவில்லை. சுவருக்குள் இரும்புச் சட்டகத்தை வைத்து அதைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தார். இழுவிசையை இரும்பு வாங்கிக்கொண்டது. அடியில், டோக்கியோவின் மெத்தென்ற களிமண்ணில், ஆயிரக்கணக்கான பைன் மரக் கம்பங்களை அறைந்து அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தியிருந்தார். மரம் நிலத்தடி நீருக்குள் முழுக்க மூழ்கி இருந்தால் அழுகாது. அழுகலை உண்டாக்கும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும். அங்கே அது கிடைப்பதில்லை.

நிலநடுக்கம் செய்யாததை நெருப்பு செய்தது. 1945 மே 25 இரவு நடந்த விமானத் தாக்குதலில் குவிமாடங்களும் கூரையும் உள்ளலங்காரமும் எரிந்தன. தோற்ற நாட்டில் பணமும் இல்லை, பொருளும் இல்லை. 1947இல், வலுவிழந்த மூன்றாம் மாடியை நீக்கிவிட்டு, இரண்டு மாடியோடு, குவிமாடங்களுக்குப் பதில் கோணக் கூரைகளைப் போட்டு முடித்தார்கள். சில ஆண்டு தாங்கினால் போதும் என்று செய்த வேலை. அறுபது ஆண்டு தாங்கியது.

அந்த அறுபது ஆண்டில்தான் இடிக்கும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாடிகளுடன் ஒரு கட்டடம் என்ற யோசனை 1950களிலேயே எழுந்தது. 1980களில் நில விலை ஏறி, தேசிய ரயில்வே தனியார்மயமாகிக் கொண்டிருந்தபோது மறுபடி எழுந்தது. 1987இல் நகரவாசிகள் ஒரு சங்கம் தொடங்கிச் சுமார் ஒரு லட்சம் கையெழுத்து திரட்டினார்கள். அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் இனிச் சொல்லப்போகும் பொறியியல் எதற்கும் வேலையே இருந்திருக்காது. 1999இல் நிலையத்தை 1914இன் வடிவுக்கு மீட்பது என்று மாநகர ஆளுநரும் ரயில் நிறுவனத் தலைவரும் ஒப்புக்கொண்டார்கள். 2003இல் அது முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 2007இல் வேலை தொடங்கியது.

முடிவு எடுத்தாயிற்று, எப்படிச் செய்வது? பழங்கட்டடத்துக்குக் கேடு வருவது அது பழசு என்பதால் அல்ல. அதன்மேல் நாம் புதுப் புதுச் சுமைகளை ஏற்றுவதால். ஆட்டத்தைத் தாங்கு, கூட்டத்தைத் தாங்கு, நிலத்தின் விலைக்கு ஈடாக வருமானம் கொடு என்கிறோம். 1914இன் கட்டடம் இவற்றில் எதற்கும் பிறந்தது அல்ல. மரபை மதிக்கும் வடிவமைப்பு என்று நான் கருதுவது இதைத்தான்: சுமைகளை ஒவ்வொன்றாக அதன் தோளிலிருந்து இறக்கி, தாங்கக்கூடிய வேறிடத்துக்கு மாற்றுவது. புதுக் கட்டடத்துக்குப் பழைய வளைவும் தூணும் ஒட்டுவது அலங்காரம். அதை மரியாதை என்று சொல்ல மாட்டேன்.

முதல் சுமை, ஆட்டம்.

நிலநடுக்கத்துக்கு ஒரு செங்கல் கட்டடத்தை வலுப்படுத்த எளிய வழி, சுவர்களின் உட்பக்கம் கனத்த கான்கிரீட் போர்த்துவது. கட்டடம் நிற்கும், ஆனால் தட்சுனோவின் செங்கல் கான்கிரீட்டுக்குப் பின்னால் புதைந்துவிடும். ஆகவே பொறியாளர்கள் கட்டடத்தைத் தொடாமல், அதற்கும் பூமிக்கும் நடுவில் கை வைத்தார்கள்.

எந்தக் கட்டடத்துக்கும் ஒரு இயல்பான ஆட்ட நேரம் உண்டு. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள்: குட்டைக் கயிறு படபடவென்று ஆடும், நெட்டைக் கயிறு நிதானமாகப் போய் வரும், யார் தள்ளினாலும் அதனதன் நேரம் மாறாது. மூன்று மாடிச் செங்கல் கட்டடம் குட்டைக் கயிறு. ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஒருமுறை ஆடி முடித்துவிடும். பெரும்பாலான நிலநடுக்கங்கள் தங்கள் பலத்தைக் கொட்டுவதும் அதே வேகத்தில்தான். இரண்டும் ஒத்துப்போனால் ஒவ்வொரு உலுக்கலும் முந்தைய ஆட்டத்தை வளர்த்துவிடும். கட்டடத்தின் ஆட்ட நேரத்தை மூன்று, நான்கு விநாடிக்கு நீட்டிவிட்டால் இந்த ஒத்துப்போதல் அறுந்துவிடும். பூமி அங்குமிங்கும் துள்ளும்; மேலே கட்டடம் மெல்ல நகர்ந்து திரும்பும்.

அதற்குக் கருவி ரப்பர் தாங்கி. மெல்லிய ரப்பர்த் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கி ஒட்டிய உருளை அது. மேலிருந்து அழுத்தினால், பிதுங்கி வெளியேறப் பார்க்கும் ரப்பரை எஃகுத் தகடுகள் பிடித்துக்கொள்ளும். ஆகவே அது கல்போலப் பாரம் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு ரப்பர் அடுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சரிந்து இடம் கொடுக்கும். டோக்கியோ நிலையத்தின் அடியில் இப்படி 352 தாங்கிகள் இருக்கின்றன. கூடவே 158 எண்ணெய்த் தணிப்பான்கள். ரப்பரை மட்டும் விட்டால் கட்டடம் அதிகத் தூரம் நகர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். அதை ஒட்டியே ரயில் பாலம் நிற்பதால் நகர இடமும் அதிகம் இல்லை. தணிப்பானுக்குள் எண்ணெய் குறுகிய துளை வழியாகப் பிதுங்கி ஓடும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது.

இதையெல்லாம் புதுக் கட்டடத்துக்கு வைப்பது பெரிய காரியமில்லை. ஏற்கெனவே நிற்கும் 335 மீட்டர்க் கட்டடத்துக்கு அடியில் எப்படி நுழைப்பது? பக்கத்தில் ரயில்கள் ஓட வேண்டும், உள்ளே பயணிகள் நடக்க வேண்டும். சுவர்களுக்கு இருபுறமும் எஃகுத் தூண்களை நிலத்துக்குள் இறக்கினார்கள். சுவருக்குக் குறுக்கே உத்தரங்கள் கோத்து, ஜாக்கிகள் வைத்து, கட்டடத்தின் பாரத்தைத் துளித் துளியாக அந்தத் தற்காலிகத் தூண்களுக்கு மாற்றினார்கள். பிறகு பழைய பைன் கம்பங்களை அகற்றி, மேலிருந்து கீழாகத் தோண்டிக்கொண்டே போய் இரண்டு அடித்தளங்களைக் கட்டினார்கள். தாங்கிகளை வைத்துப் பாரத்தை அவற்றின்மேல் இறக்கினார்கள். ஒரு சுவர் பக்கத்துச் சுவரைவிடச் சில மில்லிமீட்டர் அதிகம் இறங்கினாலும் செங்கல்லில் விரிசல் ஓடிவிடும். ஆகவே அளவுக் கருவிகள் இடைவிடாமல் கண்காணித்தன. நூறாண்டு பாரம் சுமந்த பைன் மரங்களுக்கு அன்றோடு ஓய்வு.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். இதே நிலையத்தின் முன்திடலுக்கு அடியில், 1972இல் திறந்த ஐந்தடுக்குச் சுரங்க நிலையம் ஒன்று இருக்கிறது. அதற்கு நேரெதிர்த் தொல்லை. டோக்கியோ தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்த காலத்தில் அது கட்டப்பட்டது. உறிஞ்சுவதைச் சட்டம் தடுத்த பிறகு நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து, சுரங்க நிலையத்தையே மேல்நோக்கித் தூக்கப் பார்த்தது. மிதந்துவிடாமல் இருக்க அதைக் கீழே உள்ள உறுதியான மண்ணோடு நங்கூரக் கம்பிகளால் கட்டி வைத்தார்கள். சுரங்கத்தில் ஊறும் நீரை 2002 முதல் குழாய் வழியே தொலைவில் உள்ள தச்சியாய் என்ற சிற்றாற்றில் விடுகிறார்கள். நாற்றமெடுத்துக் கிடந்த அந்த ஆறு தெளிந்தது. நிலத்துக்கு மேலே கட்டடம் அமிழாமல் பார்க்க வேண்டும், கீழே மிதக்காமல் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சுமையான கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரே நாளில் தீர்க்கவில்லை. 1964இல் புல்லட் ரயில் வந்தபோது அதை நிலையத்தின் மறுபுறமான யாயெசு பக்கம் வைத்தார்கள். பின்வந்த பாதைகளை மண்ணுக்கடியில் கொண்டுபோனார்கள். 1995இல் சுவோ பாதையின் நடைமேடையை மேலே தூக்கி, கீழே இடம் பிடித்தார்கள். செங்கல் கட்டடம் வாசலாகவே இருந்தது; கூட்டம் பின்னாலும் அடியிலும் பரந்தது.

மூன்றாவது சுமை பணம். மீட்பு வேலைக்கு ஆன செலவு சுமார் 5,000 கோடி யென். இதை வரிப்பணத்தில் கேட்கவில்லை, டிக்கெட் விலையில் ஏற்றவும் இல்லை. ஆகாயத்தை விற்றார்கள்.

நம்மூரில் வீடு கட்ட அனுமதி வாங்கியவர்களுக்கு எஃப்.எஸ்.ஐ. என்ற தளப்பரப்புக் குறியீடு பழகியிருக்கும். மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று அரசு வைக்கும் வரம்பு அது. டோக்கியோ நிலையத்தின் நிலத்துக்கு அந்த வரம்பு 9 மடங்கு. மூன்று மாடிக் கட்டடம் அதில் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. கட்டாமல் விட்ட மிச்சம் வெறும் காற்று. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு உரிமை. 2000இல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. 2002இல் நிலையத்தைச் சுற்றிய வட்டாரம் சிறப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதிக்குள் ஒரு மனையில் பயன்படாத தள உரிமையை, ஒட்டியிராத இன்னொரு மனைக்கும் மாற்றிக்கொடுக்கலாம். ரயில் நிறுவனம் தன் மிச்சத்தைச் சுற்றியுள்ள கோபுரங்களுக்கு விற்றது. ஷின்-மருனோவுச்சி கட்டடம், டோக்கியோ கட்டடம், ஜே.பி. கோபுரம் ஆகியவற்றின் உயரத்தில் நிலையம் கட்டாமல் விட்ட மாடிகளும் சேர்ந்திருக்கின்றன.

யோசனை புதிதல்ல. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலையில் கோபுரம் கட்ட மறுக்கப்பட்டபோது ரயில் நிறுவனம் வழக்குப் போட்டது. அந்த உரிமையை வேறு மனைக்கு மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது என்பதையும் கருதி, 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டோக்கியோ அதை ஒரு முழு வட்டாரத்துக்கும் விரித்தது. மரபைக் காப்பதால் உரிமையாளருக்கு நட்டம் என்ற பழைய வாதத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை.

ஆகாயத்தைக் கையாண்ட விதத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. யாயெசு பக்கம் நிலையத்தின் முதுகை ஒட்டிப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று சுவர்போல நின்றது. அதை நீக்கி, அதன் கொள்ளளவை இருபுறமும் ஒதுங்கிய இரண்டு கோபுரங்களுக்கு மாற்றினார்கள். நடுவில் பாய்மரம்போல் ஒரு வெள்ளைத் துணிக்கூரை மட்டும் 2013இல் வந்தது. டோக்கியோ விரிகுடாவிலிருந்து வரும் கடல்காற்று அந்த இடைவெளியில் புகுந்து, தாழ்வான செங்கல் கட்டடத்தின் மேலாகக் கடந்து, அரண்மனைச் சாலைக்குள் இறங்க வேண்டும் என்பது திட்டம். கான்கிரீட் சேர்த்து வைக்கும் வெப்பத்தை இரவில் இறக்க நகரத்துக்குக் காற்று வேண்டும். நிலையம் மூன்று மாடியோடு நின்றதால்தான் அந்த வழி திறந்தே இருக்கிறது.

கைவேலையைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை பாதிதான். தட்சுனோவின் செங்கற்களுக்கு நடுவே உள்ள சாந்துக் கோடு தட்டையாக இருக்காது; பாதி உருளையாகப் புடைத்து, இரண்டு கோடு சந்திக்கும் இடத்தில் கூர்மையாக இணையும். அந்தப் பாயின்டிங் கிட்டத்தட்ட மறந்துபோன வேலை. கொத்தனார்கள் அதற்கென்றே கரணை செய்து, மாதிரிச் சுவரில் பழகி, பிறகு கட்டடத்தில் கை வைத்தார்கள். புது மூன்றாம் மாடியின் செங்கல் நிறம் கீழே நூறாண்டு வெயில் பட்ட செங்கல்லோடு ஒத்துவர, சூளையில் திரும்பத் திரும்பச் சுட்டுப் பார்த்தார்கள்.

கூரைக்கு வேண்டியது ஸ்லேட் எனும் கற்பலகை. மியாகி மாநிலத்து ஒகாட்சு ஊரின் பலகை. பழைய கூரையிலிருந்து கழற்றியவற்றைச் சீர்செய்ய அந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். 2011 மார்ச் 11 சுனாமி அந்தக் கரையைத் துடைத்தெடுத்தது. வீடிழந்த மக்களும் உதவிக்கு வந்தவர்களும் சேற்றிலிருந்து பலகைகளைப் பொறுக்கி, உப்புப் போகக் கழுவி, பல்லாயிரக்கணக்கில் டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். அவை இன்று அந்தக் கூரையில் இருக்கின்றன.

எந்த ஆண்டின் கட்டடத்தை மீட்பது என்ற கேள்வி எல்லா மீட்பு வேலையிலும் வரும். இங்கேயும் வந்தது. 1947இன் எளிய கூரையைத்தான் டோக்கியோவாசிகள் மூன்று தலைமுறையாகப் பார்த்திருந்தார்கள். போருக்குப்பின் வந்த தொழிலாளர்கள், போர்விமானங்களுக்கு இனித் தேவைப்படாத உலோகத் தகட்டைக்கொண்டு, ரோமின் பாந்தியனைப் பார்த்துச் செய்தது அதன் உட்கூரை. வறுமையிலும் ஒழுங்காகச் செய்த வேலை. 1914ஐ மீட்டால் 1947 அழியும். வடிவமைப்பாளர்கள் குவிமாடத்தைப் பழையபடி எட்டுக் கழுகுகளோடு மீட்டார்கள். நீக்கிய உட்கூரையின் கோலத்தை அதே கூடத்தின் தரையில் பதித்தார்கள். எனக்கு இந்த முடிவு நியாயமாகப் படுகிறது.

எல்லாம் இப்படி நன்றாக முடியவில்லை. காண்டரின் 1894 கட்டடத்தை 1968இல் இடித்துவிட்டு, 2009இல் அதே இடத்தில் அதேபோல் ஒன்று கட்டினார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நகல். நிலையத்துக்குத் தெற்கே, யோஷிதா தெட்சுரோ 1931இல் கட்டி முடித்த மத்திய அஞ்சலகத்தின் கதை இன்னும் வருத்தமானது. அதை இடிக்கும் திட்டத்தை 2009இல் அமைச்சர் ஒருவரே எதிர்த்துப் பேசிய பிறகு கொஞ்சம் கூடுதலாக மிஞ்சியது. இருந்தும் தெருப்பக்க முகப்பை வைத்துக்கொண்டு, பின்னால் 200 மீட்டர் ஜே.பி. கோபுரத்தை ஏற்றிவிட்டார்கள். நிலையத்திடமிருந்து ஆகாயம் வாங்கிய கோபுரங்களில் அதுவும் ஒன்று. ஒரு கட்டடத்தின் தோளிலிருந்து இறக்கிய சுமையை இன்னொரு மரபுக் கட்டடத்தின்மேல் வைத்தது தவறு. உரிமை மாற்றச் சட்டம் எழுதுகிறவர்கள், எந்த மனை வாங்கலாம் என்பதோடு எந்த மனை வாங்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

டோக்கியோ போகிறவர்கள் அந்த அஞ்சலக முகப்புக்குப் பின்னால் ஆறாம் தளத்தில் இருக்கும் தோட்டத்துக்கு ஏறிப் பாருங்கள். கட்டணம் கிடையாது. அங்கிருந்து நிலையத்தின் முழு நீளமும், சுனாமியைக் கடந்த கற்பலகைக் கூரையும், பின்னால் வந்து போகும் ரயில்களும் ஒரே பார்வையில் தெரியும். இறங்கி வந்து குவிமாடத்துக்குள் நுழைந்தால், எல்லோரும் கழுகுகளை அண்ணாந்து பார்க்கும்போது நீங்கள் ஒருமுறை தரையையும் பாருங்கள்.